மைசூர்த் தொழில் வளமும் விசுவேசுவரய்யாவும்

ஆண்டு விழா மலரில் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதிச் சேர்ப்பது நம் சங்கத்தில் நெடுநாளைய வழக்கம். இதுகாறும் பெரும்பாலும் தாய்த் தமிழகத்துச் சான்றோர்களையே எடுத்துக்கொண்டோம். இவ்வாண்டு, நமக்கு இடமும் தொழிலும் தந்த இம்மண்ணின் மகனார் ஒருவரைப் பற்றி எழுதப் புகுகின்றோம். அவர்தாம் சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

இவரை இப்போது தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. நம் குடியிருப்பில் விமானத் தொழிற்சாலையிலும், தொலைபேசித் தொழிற்சாலையிலும், கடிகாரத் தொழிற்சாலையிலும் உழைத்து ஓய்வு பெற்ற மூத்தோர் பலர் உளர். அவர்தம் மக்களும் பேரர்களுமோ வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிப் பொருளீட்டுகின்றனர். மாலை வேளைகளில் இவ்விரு தலைமுறையாரும் கூடினால் வழக்கு ஒன்று எழாமற் போவதில்லை. அயல்நாட்டுச் சரக்கைத் தடுத்து வைத்திருந்த காலத்தில்தான் நம் தொழில்கள் வாழ்ந்தன, கதவைத் திறந்தபின் கெட்டன என்பர் மூத்தோர். கதவை அடைத்து வைத்ததனால்தான் அவை தூங்கிவிட்டன என்பர் இளையோர். இரு சாராரும் தத்தம் கட்சிக்குச் சான்றாக விசுவேசுவரய்யாவின் பெயரை இழுக்கின்றனர். அவர் வாழ்க்கையைச் சற்று நிதானமாக நோக்கினால் இரு கட்சிக்கும் அவர் முழுதும் அகப்படமாட்டார் என்பது புலனாகும்.

பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலையின் அடிவாரத்தை ஒட்டி, சிக்கபள்ளாப்பூருக்கு அருகில் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு சீனிவாச சாஸ்திரி என்னும் வடமொழிப் புலவருக்கும் வேங்கடலட்சுமம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பிறந்த ஆண்டை 1860 என்பாரும் 1861 என்பாரும் உளர். எனினும் 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அவருடைய நூற்றாண்டு நிறைவுக்கென இந்திய அரசினர் அஞ்சல் தலை வெளியிட்டபோது அவர் உயிருடனிருந்தார் என்பது ஐயமற்ற செய்தி. குடும்பத்தார் ஆந்திர நாட்டு மோட்சகுண்டம் என்னும் ஊரிலிருந்து முன்னொரு காலத்தில் வந்து குடியேறியவர்கள். ஆகவே அவருடைய முன்னோரும் நம்மைப் போன்று பிழைப்பும் அமைதியும் நாடி இம்மண்ணுக்கு வந்தவர்களே என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்ற காலத்தில், குடகு நாட்டினர் ஒருவர் இல்லத்துச் சிறுவர்களுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து, அதனால் வந்த வருவாயில் தம் படிப்பை நடத்தினார். 1881இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்கல்லூரி அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தது. சில ஆண்டுகள் கழித்து நம் இராஜாஜி பட்டம் பெற்றதும் அதே கல்லூரியிற்றான். இவ்விருவரையும் பின்னர் ஒருமுறை சேர்த்து நினைக்க வேண்டிவரும். மைசூர் அரசின் உதவித்தொகையால் புனே பொறியியற் கல்லூரியில் சேர்ந்து, 1883இல் முதன்மையாகத் தேறி, அடுத்த ஆண்டு பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக அமர்ந்தார்.

பம்பாய்ப் பணிக்காலத்துச் செய்திகள் பள்ளிப் பாடநூல்களில் நிறையவே உள்ளன. சிந்து நாட்டுச் சுக்கூரின் குடிநீர்த் திட்டம், கடக்வாசலா அணையில் 1903இல் அமைத்த தானியங்கும் மதகுகள், ஏடன் நகரின் நீர்த் திட்டம், 1908இல் மூசி ஆறு பெருகி ஐதராபாத்தை அழித்தபின் அந்நகரைக் காக்க வகுத்த திட்டம் ஆகியவற்றைப் பிள்ளைகள் அறிவர். நாம் விரிவாகக் கூற விரும்புவது வேறொன்று. 1898இல் அவர் சப்பான் சென்றார்.

அந்நாளில் மேல்நாடு செல்வோர் இங்கிலாந்து செல்வரேயன்றிச் சப்பான் செல்வார் அரியர். முப்பது ஆண்டுகளுக்கு முன்வரை வாளும் வில்லுமாக இருந்த ஒரு கீழை நாடு, நூல் நூற்றுக் கப்பல் கட்டி, சிற்றூர்தோறும் பள்ளி வைத்து எழுந்து நிற்பதை அவர் நேரிற் கண்டார். அப்பயணத்தின் பயனை அவர் எழுதியவற்றிலும் செய்தவற்றிலும் வாழ்நாள் முழுதும் காணலாம். இங்கே பலரும் நினையாத ஒன்றை நாம் குறிப்பிட வேண்டும். அவர் சென்ற காலத்தில் சப்பானியர் தம் துறைமுகங்களில் விரும்பியவாறு சுங்கம் விதிக்க இயலாதவராக இருந்தனர். மேலை வல்லரசுகள் வலிந்து செய்துகொண்ட உடன்படிக்கைகள் அந்நாட்டு இறக்குமதி வரியைக் குறைந்த அளவில் கட்டிப்போட்டிருந்தன. அந்த உரிமை அவர்களுக்கு முழுமையாகத் திரும்பியது 1911இல்தான். எனவே, சுங்க மதில் எழுப்ப முடியாத ஒரு நாடு கல்வியாலும், அரசே முன்னின்று ஆலை தொடங்கியதாலும், பிறநாட்டு வல்லுநரை அழைத்துத் தொழில் கற்றுக்கொண்டதாலும் முன்னேறிய காட்சியையே அவர் கண்டார்.

இதே நிலைதான் மைசூருக்கும் வாய்த்தது. 1909இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராகவும், 1912 நவம்பரில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் திவானாகவும் அவர் பதவியேற்றார். திவான் எனினும் கடற்கரையற்ற ஒரு சமஸ்தானத்தின் திவான். சென்னைத் துறைமுகத்திலும் பம்பாய்த் துறைமுகத்திலும் எச்சரக்கு எவ்வளவு வரி கட்டி இறங்கலாம் என்பதை முடிவு செய்தவர் ஆங்கில ஆட்சியாளர்.

அவர்களுடைய வரிக்கொள்கை எவ்வாறு இருந்தது என்பதை அறிந்தால்தான் அக்காலத்து மக்கள் அயற்சரக்கின்மேற் கொண்ட சினம் விளங்கும். 1896 முதல் வெளிநாட்டுத் துணிக்கு இறக்குமதி வரி நூற்றுக்கு மூன்றரை. அதே அளவு வரியை இந்திய ஆலைத் துணியின் மீதும் சுமத்தினர். மாஞ்செஸ்டர் முதலாளிகளின் மனம் நோவாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. தமிழர் பல்லாயிரவர் வேலை பார்த்த நம் பெங்களூர்ப் பின்னி ஆலை போன்றவையும் அவ்வரியைக் கட்டியே துணி விற்றன. 1925ஆம் ஆண்டின் இறுதியிற்றான் அது ஒழிந்தது. கடலிலும் இதே நீதிதான். 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கியபோது, எதிரிலிருந்த வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தை வீழ்த்தியும் ஆட்களை இலவசமாக ஏற்றியும் அவரை முறித்ததை நாம் மறந்தோமில்லை. தடையில்லா வாணிகம் என்று அவர்கள் பெயரிட்டழைத்தது நம்மவர்க்கு மட்டும் தடையாக இருந்தது. இதனை அனுபவித்த தலைமுறைக்கு அயற்சரக்கின்மேல் வெறுப்பு உண்டானதில் வியப்பில்லை.

விசுவேசுவரய்யா வெறுப்பை வளர்ப்பதில் நாட்டங் கொள்ளவில்லை. தம் கைக்கு எட்டியதைச் செய்தார். அவர் முயற்சியால் 1911இல் மைசூர்ப் பொருளாதார மாநாடு தோன்றியது. 1913இல் மைசூர் வங்கி, 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும் வணிகர் மன்றமும், 1917இல் பெங்களூரில் பொறியியற் கல்லூரி என ஆண்டுக்கொன்றாக நிறுவினார். பணம், படிப்பு, கணக்கு ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் ஆலை நில்லாது என்பது அவர் துணிபு.

சந்தன எண்ணெயின் கதையைச் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும். மைசூர்க் காடுகளில் விளையும் சந்தனம் அரசின் தனியுடைமை. ஆண்டுதோறும் கட்டையை ஏலமிடுவர். வாங்குவோர் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு, பெரும்பாலும் செருமனிக்கு, அனுப்புவர். அங்கு எண்ணெய் வடித்து, மருந்தாகவும் நறுமணப் பொருளாகவும் பன்மடங்கு விலைக்கு விற்பர். 1914இல் போர் மூண்டது. செருமனியின் வாயில் அடைபட்டது. ஏலத்துக்கு ஆளில்லை. கட்டை கிடங்கில் அடுக்கடுக்காகத் தேங்கிற்று. அப்போது தொழில்துறை இயக்குநராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயரும், டாட்டா அறிவியற் கழகத்துப் பேராசிரியர்களான சட்பரோவும் வாட்சனும் எண்ணெய் வடிக்கும் முறையை இங்கேயே ஆராய்ந்து கண்டனர். 1916இல் பெங்களூரிலும், மறு ஆண்டு மைசூரிலும் எண்ணெய் ஆலைகள் எழுந்தன. 1918இல் சவர்க்காரத் தொழிற்சாலை வந்தது. சோசலே கரளபுரி சாஸ்திரி என்னும் இளைஞரை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சவர்க்காரத் தொழில் கற்றுவரச் செய்தனர். மைசூர்ச் சந்தனச் சவர்க்காரம் இன்றும் நம் இல்லங்களில் மணக்கிறது.

இக்கதையில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது, போர் தானே ஒரு மதிலாக நின்றது என்பதுதான். எவரும் சுங்கம் விதிக்கவில்லை. ஆயினும் நான்காண்டுகள் போட்டியின்றிப் பயிலும் வாய்ப்பு மைசூருக்குக் கிடைத்தது. போர் ஓய்ந்து வாயில் திறந்தபோது மைசூர் எண்ணெய் உலகச் சந்தையில் நின்று விலைபோயிற்று. கட்டை நம்முடையது, கலையும் நம்முடையதாகிவிட்டது.

பட்டிலும் அவர் கருத்தைச் செலுத்தினார். இத்தாலியிலிருந்து வல்லுநர் ஒருவரை வரவழைத்தனர். சன்னபட்டணத்தில் பட்டுப் பண்ணை ஏற்பட்டது. அவருக்கு முன்னரே ஜாம்ஷெட்ஜி டாட்டா சப்பானியரைக் கொண்டு பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணை நடத்தினார் என்பதும், பசவனகுடிப் பக்கத்தில் அப்பெயர் இன்னும் வழங்குவதும் நம் அன்பர்கள் அறிந்ததே. பட்டின் கதை நீளும். இறுதியில் அதற்கு வருவோம்.

கண்ணம்பாடி அணையைப் பற்றி ஒரு சொல். 1911இல் தொடங்கிய அவ்வணை அவருடைய பெரும்புகழ்களுள் ஒன்று. காவிரிக் கடைமடையைச் சொந்த ஊராகக் கொண்ட நம்மில் பலருக்கு அதன் நினைவு சற்றுக் கலக்கமாகவே வரும். அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். இங்கு விட்டுச் செல்கின்றோம்.

1918இல் அவர் திவான் பதவியை விட்டு விலகினார். அரசுப் பணிகளில் பிராமணரல்லாத வகுப்பினருக்கு உரிய பங்கு அளிப்பது பற்றி ஆராய மன்னர் மில்லர் குழுவை அமைத்தார். தகுதி ஒன்றே அளவுகோலாக வேண்டும் என்று கருதிய விசுவேசுவரய்யா அதற்கு உடன்படவில்லை. இதில் மன்னரே தொலைநோக்குடையவர் என்பது நம் கருத்து. தொழிலுக்குக் காப்பு வேண்டும், முந்தியோடுபவனோடு பிந்தியவனைச் சமமாக ஓடச் சொல்லுதல் நீதியன்று என்று பின்னாளில் வாதிட்ட பெருந்தகை, மக்களுக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பதை எண்ணாமற் போனது நமக்கு இன்னும் விளங்காத புதிர்.

அடுத்து வந்தது பத்திராவதி. அவர் திவானாக இருந்தபோதே கருக்கொண்ட இரும்பாலை 1923 தொடக்கத்தில் உலை மூட்டியது. நிலக்கரி இல்லாத நாட்டில் காட்டு மரத்தைக் கரியாக்கி, அக்கரியால் இரும்பு உருக்குவதும், மரத்திலிருந்து வடியும் சாராயத்தையும் பிற பொருள்களையும் விற்று ஈடுகட்டுவதும் திட்டம். திட்டமிட்டபோது போர்க்கால விலை. உலை மூட்டியபோதோ இரும்பு விலை சரிந்தது. மர வடிசாராயத்தையும் மேல்நாட்டார் செயற்கை முறையில் மலிவாக ஆக்கத் தொடங்கினர். ஆலை இழப்பில் மூழ்கிற்று. மூடிவிடலாம் என்னும் பேச்சும் எழுந்தது. மன்னர் வேண்ட, விசுவேசுவரய்யா நிருவாகக் குழுத் தலைமையை ஏற்று 1929 வரை நடத்தினார். வீண் செலவுகளை அறுத்தார். அயல்நாட்டார் பார்த்த வேலைகளுக்கு நம் நாட்டு இளைஞரைப் பழக்கினார். இரும்பைப் பாளமாக விற்பதோடு நில்லாமல் வார்ப்புக் குழாய் செய்து விற்க வழி கண்டார். ஆலை நிமிர்ந்தது. இப்பணிக்கு அவர் ஊதியம் பெற்றுக்கொள்ளவில்லை. தமக்குச் சேர வேண்டிய தொகையைக் கொண்டு தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்று நிறுவச் செய்தார். 1943இல் பெங்களூரில் ஏற்பட்ட ஸ்ரீ ஜயசாமராஜேந்திரர் தொழிற்பயிற்சிக் கழகம் அதுவே. நம் குடியிருப்புப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்குப் பயின்று பட்டயம் பெற்றனர். தம் பெயரை வைக்கவேண்டாம் என்று சொல்லி இளவரசர் பெயரை வைத்தார்.

இரும்பாலை அவருக்குப் புகட்டிய பாடம் இரண்டு. உலகச் சந்தையின் விலை எங்கோ சரிந்தால் மலைநாட்டு ஆலையில் உலை அணையும் என்பது ஒன்று. உலை அணையாதிருக்க முதலில் நம் கணக்கும் நம் கையும் செம்மைப்பட வேண்டும் என்பது மற்றொன்று.

இதற்கிடையே நாட்டின் சுங்கக் கொள்கையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1921இல் அமைந்த நிதிக் குழு, சில தொழில்களுக்கு மட்டும் தேர்ந்து காப்பு வரி அளிக்கலாம் என்று கூறியது. அதற்கு மூன்று கட்டளைகள் விதித்தது. தொழிலுக்கு வேண்டிய இயற்கை வளம் நாட்டில் இருக்கவேண்டும். உதவியின்றேல் அது வளர இயலாததாக இருக்கவேண்டும். ஒருநாள் உதவியின்றியே உலகப் போட்டியை எதிர்த்து நிற்கக் கூடியதாக இருக்கவேண்டும். குழுத் தலைவர் ரகிம்துல்லாவும், நம் தமிழர் டி.வி. சேஷகிரி ஐயர் உள்ளிட்ட இந்திய உறுப்பினர் சிலரும் இக்கட்டளைகள் மிகக் கடியவை என்று தனிக் குறிப்பு எழுதினர். எப்படியாயினும் 1924இல் டாட்டா எஃகுக்கும், 1932இல் சர்க்கரைக்கும், 1934இல் பட்டுக்கும் காப்பு கிடைத்தது. சர்க்கரையின் விளைவு மின்னலைப் போன்றது. 1932இல் நாடு முழுதும் முப்பத்திரண்டு அளவில் இருந்த ஆலைகள் நான்கைந்து ஆண்டுகளில் நூற்று முப்பதைக் கடந்தன. மண்டியாவின் மைசூர்ச் சர்க்கரைக் கம்பெனி 1933இல் பிறந்தது இந்த அலையிலேதான். கரும்பு பயிரிட்டவனும் ஆலை வைத்தவனும் பிழைத்தனர். சாவகச் சர்க்கரையை மலிவாக வாங்கிக்கொண்டிருந்த இல்லத்தரசிகள் அந்தச் செலவைத் தாங்கினர் என்பதையும் உடன் சொல்லவேண்டும். காப்பு வரி வானத்திலிருந்து பொழிவதன்று. யாரோ ஒருவர் முடிச்சிலிருந்து அவிழ்வது.

1934இல் விசுவேசுவரய்யா இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் என்னும் நூலை வெளியிட்டார். பத்தாண்டுகளில் நாட்டு வருமானத்தை இருமடங்காக்குவதே அதன் குறிக்கோள். தொழில்களுக்குச் சுங்கக் காப்பு வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். காந்தியடிகளும் அயற்சரக்கை விலக்கச் சொன்னவரே. ஆனால் இருவரின் நோக்கமும் ஒன்றன்று. அடிகள் இராட்டையைக் காக்க எண்ணினார். இவரோ இயந்திரத்தைக் கொணர்ந்து நாட்ட எண்ணினார். 1927இல் அடிகள் உடல்நலம் நாடி நந்தி மலையில் தங்கினார். மலையின் அடியில் இவருடைய பிறந்த ஊர். இரு நெறிகளும் இவ்வளவு அருகில் இருந்தும் எவ்வளவு தொலைவில் இருந்தன என்று எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே.

மோட்டார் வண்டித் தொழிற்சாலை அவர் கண்ட பெருங்கனவு. 1935இல், எழுபது வயதைக் கடந்தபின், ஐரோப்பாவும் அமெரிக்காவும் சென்று ஆலைகளை நேரிற் பார்த்துத் திட்டம் வரைந்து வந்தார். பம்பாய்த் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் துணை நின்றார். ஆங்கில அரசு இசையவில்லை. அவ்வண்டித் தொழிற்சாலை பெங்களூரில் வரவில்லை. ஆயினும் அதே வால்சந்தும் மைசூர் அரசும் சேர்ந்து 1940 டிசம்பரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைப் பெங்களூரில் தொடங்கினர். அதன் ஊதியத்தில் எழும்பிய வீடுகள் நம் குடியிருப்பில் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால், வாராது போன மோட்டாருக்கும் நாம் நன்றி சொல்லவேண்டும் போலும்.

1941இல் அகில இந்திய உற்பத்தியாளர் கழகத்தை நிறுவி அதன் தலைவரானார். விடுதலைக்குப் பின் அவர் கேட்ட காப்பு கேட்டதற்கு மேலாகவே கிடைத்தது. 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் மின்னணு நிறுவனம் எனப் பெங்களூரைச் சுற்றிப் பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பெட்டி படுக்கையோடு வந்திறங்கிய நம் இளைஞர்களுக்கு அவை வாழ்வளித்தன. 1955இல் அவருக்குப் பாரத ரத்தினம் வழங்கப்பெற்றது. 1961இல் எச்.எம்.டி. நிறுவனம் சப்பானிய சிட்டிசன் கம்பெனியின் துணையோடு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியபோது முதியவர் இந்நகரில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1898இல் சப்பான் சென்று கற்க விரும்பியவர், அறுபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின் அக்கலை தம் ஊர்வாயிலுக்கு வந்ததைக் கண்டார். 1962 ஏப்ரலில் நூறு வயது கடந்து பெங்களூரில் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின் நேர்ந்ததைச் சொல்லாமல் விட்டால் நம் மூத்தோர் வழக்கும் இளையோர் வழக்கும் பாதியில் நின்றுவிடும்.

நிதிக் குழுவின் மூன்றாவது கட்டளை, உதவியின்றி நிற்கும் நாள் ஒன்று வரவேண்டும் என்பது. அந்த நாளை எவரும் குறிக்கவில்லை. மோட்டாரில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். வண்டியின் உறுப்புகளைப் படிப்படியாக இங்கேயே செய்யாதோர்க்கு இடமில்லை என்று அரசு கூறியதும், 1954இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் கடையைக் கட்டின. நோக்கம் நன்று. ஆயினும் எஞ்சிய இரண்டொரு நிறுவனங்களுக்குப் போட்டியே இல்லாமற் போயிற்று. அம்பாசடர் வண்டி 1950களின் இறுதியில் வந்த வடிவத்தை அதிகம் மாற்றாமலே 2014 வரை ஓடிற்று. வண்டிக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் நம்மிடையே இன்னும் உளர். சுங்க மதிலுக்குமேல் உரிமம் என்னும் இரண்டாவது மதிலும் எழுந்தது. எதைச் செய்வது, எவ்வளவு செய்வது என்பதற்கெல்லாம் டில்லியின் முத்திரை வேண்டியதாயிற்று. சென்ட்ரல் கல்லூரியின் மற்றொரு மாணவரான இராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி எதிர்த்தது இந்த இரண்டாம் மதிலையே. அவர் எச்சரித்தபோது நம்மவர் பலர் அதனை முதலாளிகளின் குரல் என்று ஒதுக்கினோம். அதில் நமக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்வோம்.

கடிகாரத்தின் கதை இன்னும் நெருக்கமானது. முப்பது ஆண்டுகள் நாட்டின் கைகளையெல்லாம் எச்.எம்.டி. அணி செய்தது. திருமணத்தில் மாப்பிள்ளைக்கு அதுவே சீர், ஓய்வு பெறும் நாளில் அதுவே பரிசு. உலகம் குவார்ட்சுக்கு மாறியபோது, வாங்க ஆள் வரிசையில் நிற்கும் ஆலைக்கு மாறவேண்டிய அவசரம் தோன்றவில்லை. 1984இல் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தை அமைத்து, நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் ஆலை நிறுவினர். எச்.எம்.டி.யை முதலில் வீழ்த்தியது வெளிநாட்டான் அல்லன், பக்கத்து ஊர்க்காரனே என்பதை மூத்தோர் நினைவில் கொள்ள வேண்டும். 2016இல் அக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு செய்தது.

இளையோரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் பெங்களூருக்கு வந்தது நம் பூங்காக்களின் அழகைக் கண்டு மட்டுமன்று. ஐம்பது அறுபது ஆண்டுகளாகத் தொழிற்கல்வி ஊறிய நகரம் இது. 1917இல் திறந்த பொறியியற் கல்லூரியும், மதிலுக்குள் இயங்கிய தொலைபேசி, மின்னணு ஆலைகளும் ஆயிரக்கணக்கான பொறியாளர்களைப் பழக்கி வைத்திருந்தன. தந்தையின் ஆலை வேலை மகனின் படிப்புக் கட்டணமாக மாறியது. மதிலுக்குள் விதைத்ததை மதில் இடிந்தபின் அறுத்தோம்.

1991இல் கதவு திறந்தபின் எதிர்ப்பும் இந்நகரிலேயே உரத்து எழுந்தது. பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் உழவர் சங்கத்தார் 1992 டிசம்பரில் கார்கில் விதை நிறுவனத்தின் பெங்களூர் அலுவலகத்துள் புகுந்து தாள்களைத் தெருவில் எறிந்து கொளுத்தினர். 1996இல் கென்டக்கி கோழிக்கறிக் கடையைத் தாக்கினர். கடையை உடைப்பதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் வேற்று நாட்டான் தீர்மானிக்கும் விலையில் தன் பயிர் அழியுமோ என்னும் உழவனின் அச்சம் பொய்யச்சம் அன்று.

அதனைப் பட்டில் காணலாம். விசுவேசுவரய்யா பிறந்த சிக்கபள்ளாப்பூர் வட்டாரத்திலும், சிட்லகட்டா, ராமநகரப் பகுதிகளிலும் முசுக்கொட்டை பயிரிட்டுப் புழு வளர்ப்போர் பல்லாயிரவர். 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசு கச்சாப் பட்டின் இறக்குமதி வரியை நூற்றுக்கு முப்பதிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. சீனப் பட்டு மலிந்தது. பட்டுக்கூட்டின் விலை சரிந்தது. உழவர்கள் சந்தைகளில் கொதித்தெழுந்தனர். 2013இல் வரி பதினைந்தாக உயர்ந்தது. உழவனுக்குச் சிறிது மூச்சு வந்தது.

ஆனால் அப்பட்டு எங்குச் செல்கிறது? காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் செல்கிறது. அங்குத் தறியில் அமர்ந்திருப்பவன் பாவுக்கும் ஊடைக்கும் பட்டு வாங்க வேண்டியவன். வரி குறைந்த ஆண்டில் இவ்வூர் உழவன் அழுதான். வரி உயர்ந்த ஆண்டில் நம் ஊர் நெசவாளி நெஞ்சு குமுறினான். இருவரும் ஏழைகள். இருவரையும் நாம் அறிவோம். ஒருவன் நம் அண்டை வீட்டான், மற்றவன் நம் உறவினன். எங்கள் வீட்டுத் திருமணப் புடவையில் ஓடுவது இருவருடைய உழைப்புந்தான். வரியை எவ்வளவு வைப்பது என்று டில்லியில் ஒரு விழுக்காடு கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் இவர்களுள் ஒருவன் மற்றவனுக்குக் கப்பங் கட்டுகின்றான். இதனை விசுவேசுவரய்யா தீர்த்து வைத்துவிட்டுச் செல்லவில்லை. கூட்டின் தரத்தை உயர்த்தி, சீனத்து இழைக்கு நிகராக நீளமும் உறுதியும் உடைய வெண்பட்டு விளைவிக்கும் வித்தையை உழவனுக்குக் கற்பிப்பதே அவர் முதலில் செய்திருப்பார் என்பது மட்டும் நம் ஊகம். சன்னபட்டணத்துப் பண்ணையின் நோக்கம் அதுவேயன்றோ.

அவர் பெயர் தாங்கிய பத்திராவதி இரும்பாலை 1998இல் இந்திய எஃகு ஆணையத்துடன் இணைக்கப்பட்டது. 2023 தொடக்கத்தில் அதனை மூடிவிட அவ்வாணையம் முடிவெடுத்ததும், தொழிலாளரும் ஊராரும் தெருவில் இறங்கினர். நூறாண்டுகளுக்கு முன் உலை மூட்டிய சில காலத்துக்குள் எழுந்த அதே பேச்சு, நூற்றாண்டு நிறைந்த அதே ஆண்டில் மீண்டும் எழுந்தது.

நந்தி மலைக்கு உலா செல்லும் நம் அன்பர்கள் வழியைச் சற்று விலகி முத்தேனஹள்ளிக்குச் சென்றுவரலாம். அவர் பிறந்த இல்லம் சிறிய காட்சிச்சாலையாக உள்ளது. அவருடைய நினைவிடமும் அவ்வூரிலேயே இருக்கிறது. செப்டம்பர் 15இல் பொறியாளர் நாளன்று மாலைகள் குவியும். மற்ற நாள்களில் கூட்டமில்லை. சிட்லகட்டாச் சாலையில் காலை வேளையில் சென்றால், சாக்குப் பைகளில் பட்டுக்கூடு கட்டி இருசக்கர வண்டிகளில் சந்தைக்கு விரையும் உழவர்களைக் காணலாம். அன்றைய விலை என்ன என்று கேட்டால் நின்று சொல்வார்கள்.